கீழக்கரைப் பெட்டியில் எங்கள் குலசாமி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடைக்குச் சாமான் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. அது ஒரு தயக்கம். இன்னொன்று, இது சாமி காரியம். ஆனால் நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டே சாமியைப் பற்றி எழுதினால் குற்றமாகிவிடுமோ என்று பயம். கடைசியில் போன மாசியில் விளக்கேற்றி வைத்துச் சாமியிடமே கேட்டுவிட்டேன். பல்லி சொன்னது. கிழக்குச் சுவரிலா மேற்குச் சுவரிலா என்று சரியாகக் காதில் விழவில்லை. கிழக்கு என்றே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி வந்த ஊர் கீழக்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் நெல், அதற்குப் பிறகு மிளகாய். வத்தல் காய்ந்ததும் என் வீட்டுக்காரர் மூட்டை கட்டிக் கீழக்கரைக்குக் கொண்டுபோவார். அங்கே ஒரு வீட்டில் வருடத்துக்கு வேண்டிய வத்தல் முழுவதும் எங்களிடம்தான் வாங்குவார்கள். அந்த வீட்டு அம்மாளை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். அங்கே அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். அவருடைய வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். வத்தலை மாடியில் கொட்டிக் காம்பு ஆய்ந்துகொண்டே பேச ஆரம்பித்தோமென்றால் சாயங்காலம் கடைசிப் பஸ் போய்விடும். அந்த அளவுக்குப் பழக்கம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், தை மாதம். லாத்தா தம் மூத்த மகளுக்குப் பங்குனியில் கல்யாணம் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்குப் புதுத் தரை போட வேண்டுமென்று கொத்தனார்களை விட்டிருந்தார். வீடு முழுக்க ஆள் நடமாட்டம். அப்போதுதான் அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

பச்சை வெல்வெட்டில் சட்டை தைத்துப் போட்ட பெட்டி. இடுப்பில் வைத்துத் தூக்கினால் மூன்று மாதக் குழந்தை கனம் இருக்கும். லாத்தாவின் தாத்தா சைகோனில் வியாபாரம் செய்தவர். அங்கேயிருந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக்காரச் சீமாட்டி தட்டுமுட்டுச் சாமானெல்லாம் விற்றபோது வாங்கியதாம். அப்போதிலிருந்து அந்த வீட்டு மூத்த மகள் ஒவ்வொருத்தியும் நகையை அதற்குள் வைத்துத்தான் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்குக் காட்டுவாள். இப்போது இந்தப் பெண்ணின் முறை.

"சொந்தக்காரவுக வீட்டுல வெக்கக் கூடாதா லாத்தா? இம்புட்டுப் பேரு இருக்காகளே?" என்றேன்.

"வெக்கலாம் புள்ள. பெட்டி திரும்பி வரும். உள்ள நா என்னென்ன வெச்சிருந்தேன்னு ஒரு கதையும் கூடவே திரும்பி வரும். உன் வீட்டுல இருந்தா பெட்டி மட்டும் வரும்."

பெட்டி காலிதான். ஆனாலும் ஒரு எச்சரிக்கை சொன்னார். மூடி முழுவதும் இறங்கினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதனால் வாயில் ஒரு துணிக் கிழிசலை மடித்து வைத்திருக்கிறார். அதை எடுக்கக் கூடாது. சாவி அவருடைய இடுப்புக் கொத்தில் இருந்தது.

"ஒரு கீறல் இல்லாமக் கொண்டாந்து தாரேன் லாத்தா" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். வீட்டில் நெல்லுக்குதிர் மேலே, சாமி அறைக்குப் பக்கத்தில் வைத்தேன். சட்டைக்குள்ளே பெட்டிமேல் பதித்திருக்கும் சிவப்பு ஓடு ஆமை ஓடு என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. என் மாமனாருக்கு அன்றே தெரிந்திருந்தால் பெட்டியை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார். என்னையும் சேர்த்து அனுப்பியிருந்தாலும் அனுப்பியிருப்பார்.

இப்போது எங்கள் குலசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சாமிக்குக் கட்டடம் கிடையாது. கண்மாய்க்கு அப்பால் பனங்காட்டில் ஒரு மண் பீடம், அவ்வளவுதான். சாமியின் சலங்கை, திருநீற்றுப் பை, சிவப்புப் பட்டு, வெள்ளிக் கண்மலர் எல்லாம் வருடம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். மாசி மாதம் சாமிக்கு எடுக்கும் திருவிழாவைக் களரி என்போம். அன்று என் மாமனார், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், விரதமிருந்து, பேசாமலிருக்க வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்து போவார். அங்கே பெட்டியைத் திறந்து சலங்கையை எடுத்து அவருடைய அண்ணன் காலில் கட்டுவார்கள். அவர்தான் சாமியாடி. எனக்குப் பெரிய மாமா. அவர் ஆடித் திருநீறு கொடுத்தால்தான் பொங்கல் பானையை இறக்கலாம். பானையை இறக்கினால்தான் பங்காளிகள் யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். காலையிலிருந்து அத்தனை பேரும் பட்டினி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் களரி அன்று மத்தியானம், வாசலில் கொட்டு முழங்குகிறது, பங்காளிகள் கூடிவிட்டார்கள், மாமா வாயைக் கட்டிக்கொண்டு சாமிப் பெட்டியைத் தூக்கினார். மேல்பாதிதான் கையோடு வந்தது. அடிப்பலகை தரையிலேயே தங்கிவிட்டது. கரையான். சலங்கை உருண்டு அடுப்படி வரைக்கும் போனது.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நார்ப்பெட்டி என்றார் ஒருவர். டிரங்குப் பெட்டி என்றார் இன்னொருவர். என் கொழுந்தன், சித்தப்பா மகன், எதற்கும் முந்திக்கொள்ளுகிற ஆள். குதிர் மேலே பார்த்துவிட்டான்.

"மயினி, இந்தா இருக்கே ஒரு பெட்டி!"

"ஐயையோ, அது கீழக்கரை லாத்தாவுது. கல்யாணப் பெட்டி. தொட்டுறாத!"

சொல்லி முடிப்பதற்குள் வெல்வெட் சட்டையை உருவிவிட்டான். நானே அன்றுதான் அந்தப் பெட்டியை முழுசாகப் பார்த்தேன். ரத்தச் சிவப்பில் ஓடு பதித்து, அதற்குள் பித்தளையை நூலாக இழைத்துக் கொடியும் பூவும் ஓடவிட்டிருந்தார்கள். விளிம்பெல்லாம் தங்க முலாம் பூசிய வெண்கலம். நாலு மூலைக்கும் நாலு பெண்கள், இடுப்புக்கு மேலே பொட்டுத் துணியில்லாமல். முன்பக்கம் சாவித் துவாரத்துக்கு மேலே ஓர் ஆண் முகம். தாடி, முறுக்கிய மீசை, தலையைச் சுற்றி இலை, ஆவென்று பிளந்த வாய்.

பெரிய மாமா அந்த முகத்தைப் பார்த்தார். அந்த முகமும் அவரைப் பார்த்தது. அவ்வளவுதான். சலங்கை கட்டவில்லை, திருநீறு பூசவில்லை, "ஏய்ய்!" என்று ஒரு சத்தம் போட்டு அங்கேயே ஆட ஆரம்பித்துவிட்டார்.

"அய்யா வந்துட்டாருடா! மீசையப் பாருங்கடா! நம்ம அய்யா மீசைடா!"

கூட்டம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும்தான் போட்டுக்கொண்டேன். இப்போது யோசித்தாலும், அந்த மீசை எங்கள் பீடத்துச் சாமியின் மீசை மாதிரியேதான் இருந்தது.

ஒரே ஒருவர் மட்டும் மெதுவாக, "அது துலுக்க வீட்டுப் பெட்டியாச்சே அப்பு" என்றார்.

"சாம்புராணி யாரு கடையில வாங்குன?" என்று கொழுந்தன் திருப்பிக் கேட்டான். "அவுக கடைச் சாம்புராணிய மோந்துக்கிட்டுத்தான அய்யா இம்புட்டு நாளா வாராரு?"

மாமா தோள் துண்டை எடுத்து அந்த நாலு பெண்களின் மானத்தை மறைத்துப் பெட்டியைச் சுற்றி ஒரு கட்டுக் கட்டினார். சாமி உடைமைகளை உள்ளே அடுக்கினார். அப்போது பெட்டி வாயோரம் இருந்த கிழிசலைப் பார்த்தார். சாமி பெட்டிக்குள் கந்தல் துணியா என்று இரண்டு விரலால் எடுத்து வீசினார்.

"துணிய எடுக்காதீக மாமா! பூட்டிக்கிரும்!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். வாசலில் உறுமி அதைவிடப் பெரிய தொண்டையோடு கத்தியது. மாமா மூடியை அழுத்தினார். அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ 'டிக்'கென்றிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை அகல விரித்தார். வாயோ கட்டியிருக்கிறது. விரலால் பெட்டியைக் காட்டினார், சாவி திருகுகிற மாதிரி கையைச் சுழற்றிக் காட்டினார்.

"ஊரச் சுத்திப் போகணும்ங்குது சாமி" என்று அர்த்தம் சொன்னான் கொழுந்தன். ஊரைச் சுற்றியே போனார்கள்.

எங்கள் களரியில் பெண்கள் பீடத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. சுண்ணாம்பில் கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு வெளியே பொங்கல் வைத்துக்கொண்டு நின்றோம். உள்ளே பெட்டியை இறக்கினார்கள். திறக்கப் பார்த்தார்கள். திறக்கவில்லை. இன்னொருவர் முயன்றார். நகத்தால் நெம்பினார்கள். பெரிய மாமா ஆடிக்கொண்டே, "தொறடா! எஞ் சலங்கையக் கொண்டாடா!" என்று உறுமுகிறார். திறந்தால்தானே?

"சாமி உள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிருச்சு" என்றார் ஒரு கிழவர். "யாரோ குத்தம் பண்ணிட்டாக."

யார் குற்றம் என்று விசாரணை ஆரம்பமானது. ஒருவர் சுத்தமில்லாமல் வந்தார் என்றார்கள். ஒருவர் வழியில் பீடி குடித்ததைக் கண்டதாக அவருடைய தம்பியே சாட்சி சொன்னார். பத்து வருடத்து வரப்புத் தகராறு ஒன்று அங்கே வைத்து வெளியே வந்தது. பொங்கல் பானைகள் பொங்கி வழிந்து அடியில் தீயத் தொடங்கின. பிள்ளைகள் அழுதார்கள். கோட்டுக்கு வெளியே நின்று நான், "அது சாமி இல்ல, பூட்டு! சாவி கீழக்கரையில இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்ற பெண்கள், "சும்மா இருத்தா, சாமிக்குக் கோவம் வந்திரும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஒருவர்தான் அதைக் காதில் வாங்கினார். பங்காளி ஒருவரின் மொபெட்டைக் கேட்டுக்கூட வாங்கவில்லை, எடுத்துக்கொண்டு பறந்தார்.

அவர் போன பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன். கொழுந்தன் கையில் கடப்பாரை.

"எம்புட்டு நேரம்டா காத்துக் கெடக்குறது? நெம்பித் தொறந்துருவோம். சாமி பெட்டிக்குப் புதுப் பூட்டுப் போட்டாப் போச்சு."

"தம்பி, அது கல்யாணப் பொண்ணு பெட்டிப்பா! ஒரு கீறல் இல்லாமத் தாரேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"மயினி, பசிக்குது மயினி."

அவன் குரலில் திமிர் இல்லை. நிஜமாகவே பசி. அவனைத் திட்டவும் மனம் வரவில்லை. குலசாமியே, என் வாக்கைக் காப்பாற்று என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். பெட்டிக்குள் இருக்கிற சாமியிடம் வேண்டுவதா, பீடத்தில் இருக்கிற சாமியிடம் வேண்டுவதா என்று அந்த நேரத்திலும் ஒரு குழப்பம். கண் திறந்து பார்த்தால், மாமா பெட்டியின் மேல் குப்புறப் படுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். வாய் கட்டிய மனிதர், வேறு என்ன செய்வார்? "பெட்டி தூக்குனவருக்கே அருள் வந்திருச்சு" என்று அவர் முதுகில் திருநீற்றை வாரிப் போட்டார்கள். கடப்பாரை சற்றுப் பின்வாங்கியது.

பொழுது இறங்கும்போது பனங்காட்டுப் பாதையில் ஒரு வாடகைக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. பின்னால் மொபெட்டில் என் வீட்டுக்காரர். காரிலிருந்து வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு லாத்தா இறங்கினார்.

"சாவிய மட்டும் குடுத்து விட்டாத் தொறக்காது புள்ள. அதான் நானே வந்தேன்" என்றார் என்னிடம். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "நா கும்பிட வரல. பெட்டி தொறக்க வந்தேன். எங்க இருக்கு?" என்றார்.

பெட்டி கோட்டுக்கு உள்ளே. லாத்தா கோட்டுக்கு வெளியே. பூசை முடியாமல் பெட்டி கோட்டைத் தாண்டக் கூடாது. பெண் உள்ளே போகக் கூடாது. மறுபடியும் பங்காளிகள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் பெரிய மாமாதான், ஆடி ஆடிக் களைத்துப்போய், தீர்ப்புச் சொன்னார். "பெட்டியக் கோட்டு மேல கொண்டாந்து வையிங்கடா. அந்த ஆத்தா அங்கன நின்டு கைய நீட்டட்டும். கைதானடா வருது, காலு வரலல்ல?"

அப்படியே வைத்தார்கள். நான் லாத்தாவுக்குப் பக்கத்தில் குனிந்து மூடியைப் பிடித்துக்கொண்டேன். லாத்தா துண்டைப் பார்த்தார். "இது என்னத்துக்கு?"

"அந்தப் பொம்பளைக துணியில்லாம நிக்கிறாகளே லாத்தா."

"என் உம்மாவும் அதுக்குத்தானடி சட்டை தச்சாக" என்று அவர் குலுங்கிச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சுற்றி நாற்பது ஐம்பது பேர் பட்டினியோடு முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

லாத்தா இடது கைப் பெருவிரலால் ஒரு மூலைப் பெண்ணின் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். வலது கையால் சாவியைத் திருகினார். மூடி தானாக எழுந்தது. உள்ளே மூடியில் ஒரு முகக்கண்ணாடி பதித்திருந்தது. வீட்டில் மாமா அவசரமாக அடுக்கியபோது யாரும் அதைக் கவனிக்கவில்லை. இப்போது சலங்கையை எடுக்கக் குனிந்த பெரிய மாமா, கலைந்த முடியும் முறுக்கிய மீசையும் பிளந்த வாயுமாகத் தம்மையே பார்த்தார். அப்படியே நின்றார். மெதுவாகக் கையைத் தூக்கி மீசையின் ஒரு பக்கத்தை நீவிவிட்டுக்கொண்டார். சாமி தன்னைத் தானே பார்த்துக்கொண்டதென்று எல்லோரும் குலவை போட்டார்கள். அப்படியில்லை என்று சொல்ல நான் யார்?

திருநீறு கிடைத்தது. தீய்ந்த பொங்கல் அன்று தேவாமிர்தம். சாப்பிட்டு முடித்ததும் கொழுந்தனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"லாத்தா, தப்பா நெனைக்காதீக. அய்யா பிரியப்பட்டு ஏறுன பெட்டி. இனிமே இது அய்யாவுக்குத்தான். நாங்க வேற தேக்குப் பெட்டி செஞ்சு தாரோம்."

பங்காளிகள் தலையாட்டினார்கள். சாமி சொத்து என்று ஒருமுறை பேச்சு வந்துவிட்டால் அதை மாற்ற யாராலும் முடியாது. லாத்தாவோ அடுத்த மாதம் மகள் கல்யாணத்துக்கு நாள் வைத்திருக்கிறார். எனக்கு லாத்தாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை. காலிப் பெட்டியைத் தம் பக்கம் இழுத்து மூடியை அழுத்தினார். 'டிக்'. சாவியைக் கொழுந்தன் பக்கம் நீட்டினார்.

"வெச்சுக்கங்க தம்பி. ஆனா வருசா வருசம் நா வர முடியாது. நீங்களே தொறந்து பழகிக்கங்க."

கொழுந்தன் சாவியைப் போட்டான். சாவி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூடி அசையவில்லை. அடுத்தவர் வாங்கிச் சுற்றினார். மூன்றாமவர் சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சுற்றினார். பெரிய மாமாவே ஒருமுறை சுற்றினார். அந்தத் தாடிக்கார முகம் வாயைப் பிளந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

லாத்தா சாவியை வாங்கினார். திறந்தது.

அவருடைய இடது பெருவிரலைப் பார்த்தது நான் ஒருத்திதான். லாத்தா என்னைப் பார்த்தார். நான் பனைமரத்தைப் பார்த்தேன்.

"உத்தரவு ஆயிருச்சுடா" என்றார் பெரிய மாமா. "அந்த ஆத்தா கைக்குத்தான் தொறக்கும்னு அய்யா சொல்லிட்டாரு. குடுத்து விடுங்கடா." கொழுந்தனே பெட்டியைத் தோளில் தூக்கிக் காரில் வைத்தான். மாமா வாய்க்கட்டை அவிழ்த்ததும் முதல் வார்த்தையாக என்னிடம், "பூட்டிக்கிரும்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாத்தா?" என்றார்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெட்டியில் ஒரு கீறல் இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நகையைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தரு இது, நல்லா மணக்குதே?" என்று கேட்டார்களாம். திருநீறு. எங்கள் வீட்டுத் திருநீறு. லாத்தா, "உள்ளூரு அத்தர்தான்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டார்.

அடுத்த களரியிலிருந்து பெட்டி திறந்த கைக்கென்று ஒரு தேங்காய் லாத்தா வீட்டுக்குப் போகிறது. "படைச்சதா இருந்தா நாங்க சாப்பிடக் கூடாது, படைக்காததா அனுப்பு" என்று அவர் சொல்லிவிட, படைக்காத தேங்காய் மரியாதையாகுமா என்று பங்காளிகள் ஒரு வருடம் பேசினார்கள். முடிவில் பீடத்துக்கு முதுகைக் காட்டி உடைப்பது என்று ஏற்பாடு.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சமீபத்தில் இராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற மதுரைக்கார அம்மாள் என்னிடமே ஒரு கதை சொன்னார். பெரியபட்டினத்துக் கடலில் ஒரு தங்கப் பெட்டி மிதந்து வந்ததாம். அதற்குப் பூட்டே கிடையாதாம். ஆயிரம் பேர் முயன்றும் திறக்காததை ஒரு முஸ்லிம் அம்மாள் கண்ணீர் விட்டதும் திறந்துகொண்டதாம். அந்த அம்மாள் அதே இடத்தில் மறைந்துவிட்டாராம். போன வாரம்தான் லாத்தா எனக்குப் போன் போட்டு வத்தல் விலை கேட்டார்.

எங்கள் சாமி பெரிய சாமி. கடப்பாரை விழாமல் காத்தது அவர்தான் என்று நான் முழுசாக நம்புகிறேன். அவருக்கு இல்லாத கடலும் தங்கமும் தேவையில்லை. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்லும்போது பூட்டு இருந்ததென்று சொல்லுங்கள். பெருவிரலையும் சொல்லுங்கள், பெட்டி மேல் படுத்த என் மாமாவையும் சொல்லுங்கள். நான் எழுதியது எழுதினபடியே போகட்டும்.